பொய் சொல்லாத போக்கர்

ஒஸ்லோவில் ஒரு தமிழ்ப் பெண் சீட்டு விளையாடப் பழக வேண்டுமென்றால் முதலில் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். பகிடிக்குச் சொல்லவில்லை. ரொம்சோஸ் குடியிருப்பில் எனக்கு மேல்மாடியில் இருக்கும் உதயகுமாரி ஏற்றினாள். நான் கடைசி வரிசைக் கதிரையில் இருந்து பார்த்தேன். பார்த்ததோடு, பின்னால் அவள் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

உதயகுமாரிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபது வருட வேலை. புருஷனுக்கு நாட்டின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில், மீன் தொழிற்சாலை வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார், நித்திரை கொள்வார், போவார். மகள் தர்மிகா வேலை கிடைத்ததும் தனி வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சமையலறையில் கூட வேலை செய்யும் நோர்வேஜியர்கள் நல்ல மனிதர்கள்தான். காலையில் சிரிப்பார்கள், மாலையில் சிரிப்பார்கள், நடுவில் உருளைக்கிழங்கைப் பற்றிக் கதைப்பார்கள். இருபது வருடத்தில் ஒருவர்கூட வீட்டுக்கு வா என்று சொன்னதில்லை.

அப்படி இருக்க, ஒருநாள் மேரின் கூப்பிட்டாள். மேரின் இவளோடு ஒரே மேசையில் மரக்கறி வெட்டுகிறவள்.

"வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் போக்கர் விளையாடுகிறோம். ஒருத்தி ஊர் மாறிப் போய்விட்டாள். ஒரு கதிரை காலியாக இருக்கிறது. உனக்கு விளையாடத் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னால் கதிரை போய்விடும். உதயகுமாரி தெரியும் என்று தலையாட்டிவிட்டாள். காசு வைத்து ஆடுவதில்லை, பிளாஸ்டிக் வில்லைகள்தான், தோற்றவர் அடுத்த வெள்ளி கேக் செய்துகொண்டு வர வேண்டும் என்று மேரின் சொன்னாள். அடுத்த மாதம் தொடங்கலாம், அதுவரை மேரினுக்கு விடுமுறை.

நோர்வேயில் இருப்பவர்களுக்கு இதன் பெறுமதி விளங்கும். இங்கே குடியுரிமை கிடைப்பது சுகம், ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கதிரை கிடைப்பதுதான் கஷ்டம். அந்தக் கதிரை அவளுக்கு வேண்டும். அதற்கு ஒரு மாதத்துக்குள் எங்காவது போக்கர் பழகவேண்டும். அவளுடைய பிரச்சினை அவ்வளவுதான்.

எங்கே பழகுவது? மகளுக்குப் போன் எடுத்தாள்.

"மம்மா, உங்களுக்கு என்ன, நடுவயசுக் கிரைசிஸா?" என்றாள் தர்மிகா. பிறகு மனமிரங்கி ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தாள். அதில் தொப்பி போட்ட கரடி ஒன்று வந்து பத்து இலட்சம் நாணயம் சும்மா தந்தது. கரடி எதற்காகத் தருகிறது என்று இவள் யோசிப்பதற்குள் நாணயம் முடிந்து, அதே கரடி வங்கி அட்டையின் இலக்கத்தைக் கேட்டது. செயலியை அழித்தாள். ஜெர்மனிக்குப் போகும் கப்பலில் விளையாடலாம் என்று யாரோ சொன்னார்கள். சீட்டுப் பழகக் கடல் கடப்பதா என்று விட்டுவிட்டாள்.

அப்போதுதான் வட்சப்பில் அந்த அறிவித்தல் வந்தது. அனுப்பியது வடமுனைத் தமிழர் பண்பாட்டு மேம்பாட்டு மன்றம். ‘தொடக்க நிலையினருக்கான போக்கர்ப் பயிற்சி. பாதுகாப்பான சூழல். தமிழ்ப் பண்பாட்டுடன்.’ பக்கத்தில் தலைவர் குகதாசனின் படம். படத்தில் சீட்டு இல்லை, பொன்னாடை இருந்தது.

நான் அப்போதே சொன்னேன், "பிள்ளை, உங்கை போகாதை. மேரினிட்டையே தெரியாது எண்டு சொல்லு, அவள் சொல்லித் தருவாள்." உதயகுமாரி கேட்கவில்லை. "எங்கடை ஆக்கள் தானே. தெரியாட்டியும் சிரிக்க மாட்டினம்" என்றாள்.

சிரிக்கவில்லைத்தான். நேர்முகத் தேர்வு வைத்தார்கள்.

குரோருட்டில் வாடகைக்கு எடுத்த ஒரு பாடசாலை மண்டபத்தில் ஏழு பேர் நீள மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். தலைவர் குகதாசன் நடுவில். செயலாளரும் பயிற்றுநருமான ஜெகதீஸ்வரன் வலது பக்கம்.

"தங்கச்சி, எவ்வளவு காலமா இந்தப் பழக்கத்திலை இருக்கிறியள்?" என்று குகதாசன் கேட்டார்.

"எந்தப் பழக்கம் அண்ணை?"

"போக்கர்."

"நான் ஒருநாளும் விளையாடேல்லை. பழகத்தான் வந்தனான்."

ஏழு பேரும் ஆளை ஆள் பார்த்தார்கள். ஜெகதீஸ்வரன் பேனையை மூடி வைத்தார்.

"அக்கா, அப்பிடிச் சொன்னியள் எண்டா உங்களைச் சேர்க்கேலாது. இந்தத் திட்டத்துக்கு நோர்வேக்காரர் நிதி தாறது சூதாட்டத்திலை அடிமைப்பட்ட ஆக்களை மீட்கிறதுக்கு. மீட்கிறதுக்கு ஆள் வேணும். உண்மையா அடிமைப்பட்ட ஆக்கள் எங்கடை சமூகத்திலை இருக்கினம், இல்லையெண்டில்லை. ஆனா அவை எல்லாரும் நிர்வாகசபையிலை இருக்கினம். அவையை மேடையிலை ஏத்தேலாது தானே."

நிர்வாகசபையில் ஒருவர் இருமினார்.

"சின்ன வயசிலை எண்டாலும் ஏதாவது விளையாடியிருப்பியள்," என்று குகதாசன் எடுத்துக் கொடுத்தார்.

"பள்ளிக்கூடத்திலை மழைக்கு முன்னூற்றிநாலுச் சீட்டு விளையாடினனாங்கள்."

"அவ்வளவு காணும்," என்றார் குகதாசன். ஜெகதீஸ்வரன் பேனையைத் திறந்து, ‘பாதிப்பு: குழந்தைப் பருவம் முதல்’ என்று எழுதினார். உதயகுமாரி தேர்வானாள்.

தொடக்க விழாவுக்கு நானும் போனேன். உதயகுமாரியைக் கொண்டு மங்கல விளக்கு ஏற்றினார்கள், அகவணக்கம் செலுத்தினார்கள், மன்றகீதம் பாடினார்கள், வரவேற்புரை நிகழ்த்தினார்கள், வரவேற்புரைக்கு நன்றியுரையும் நிகழ்த்தினார்கள். சீட்டுக்கட்டை வெள்ளித் தட்டில் வைத்து, நாலு பெண் பிள்ளைகள் முன்னே பூத்தட்டோடு வர, மேடைக்குக் கொண்டுவந்தார்கள். கட்டின் மேலுறையை யார் வெட்டுவது என்று உபதலைவருக்கும் பொருளாளருக்கும் மனத்தாங்கல். இருவரும் ஆளுக்கொரு பக்கம் கத்தரிக்கோலைப் பிடித்து வெட்டினார்கள். முதலில் வெளியே வந்தது ஜோக்கர். அது தன்னைக் குத்திக்காட்டச் செய்த சதி என்று உபதலைவர் ஒலிவாங்கியில் சொன்னார். அதைச் சமாதானப்படுத்தி முடியும்போது மண்டபத்துக் காவலாளி வந்து நேரம் முடிந்துவிட்டது என்று விளக்கை நிறுத்தினார். அன்று ஒரு சீட்டும் போடவில்லை.

அடுத்த வகுப்புக்குப் பயில்வோர் நாலு பேர் வந்தார்கள், வேடிக்கை பார்க்க நானும். ஜெகதீஸ்வரன் படம் எடுக்க நின்றார்.

"அறிக்கையிலை நாற்பது பேர் எண்டு போட்டிருக்கிறம். ஆனபடியா நாலு பேரும் கொஞ்சம் பரந்து இருங்கோ. படம் எடுத்தாப் பிறகு ஜக்கெற்றை மாத்திக்கொண்டு மற்றப் பக்கம் போய் இருங்கோ. இன்னொண்டு எடுப்பம்."

பத்துத் தரம் ஜக்கெற் மாற்றிய பிறகு பாடம் தொடங்கியது. ஜெகதீஸ்வரனுக்குப் போக்கர் தெரியாது. அவருக்கு முன்னூற்றிநாலுதான் தெரியும். அது அவரைத் தடுக்கவில்லை.

"போக்கர் எண்டது எங்கடை முன்னூற்றிநாலிலை இருந்து வெள்ளைக்காரன் களவெடுத்தது. ஆனபடியா ஜாக்தான் பெரிசு. அதுக்குப் பிறகு ஒன்பது. ராசா, ராணி எல்லாம் கீழைதான். முன்னுக்கு இருக்கிறவர் உங்கடை பாட்னர். அவருக்கு உதவிசெய்ய வேணும்."

போக்கரில் பாட்னரே கிடையாது என்பது எனக்குக்கூடத் தெரியும். அங்கே ஒவ்வொருவரும் தனி. கையில் ஒன்றுமில்லாவிட்டாலும் இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு மற்றவரை வெருட்டி எழுப்பலாம், அதுதான் விளையாட்டின் உயிர். இதை உதயகுமாரியும் எங்கோ வாசித்திருந்தாள். மெல்லக் கேட்டாள்.

"தம்பி, இதிலை பொய்க்கு வெருட்டலாமாமே?"

ஜெகதீஸ்வரன் கையை உயர்த்தினார். "அது எங்கடை மேசையிலை இல்லை. எங்கடை பண்பாட்டிலை பொய் எண்ட சொல்லுக்கே இடமில்லை. நாற்பது பேரும் இதை மனசிலை வைச்சிருங்கோ."

நாலு பேரும் வைத்துக்கொண்டார்கள். பொய்யை ஒழிக்க மன்றம் ஒரு வழி வைத்திருந்தது. எல்லாரும் சீட்டை நிமிர்த்தி மேசையில் வைத்து, என்ன சீட்டு என்று எழுந்து நின்று சபைக்குச் சொல்லவேண்டும். வில்லையைக் கூட்டிப் போடும் உரிமை நிர்வாகசபைக்கு மட்டும். தலைவர் ஆட்டத்தில் இருந்தால் மற்றவர்கள் மரியாதைக்குச் சீட்டை மடித்துவிட வேண்டும். அன்று குகதாசன் ஏழும் எட்டும் வைத்துக்கொண்டு எல்லா ஆட்டமும் வென்றார். வென்றதும் ஒரு சிற்றுரை ஆற்றினார். இந்த வெற்றி தனக்குரியது அல்ல, மன்றத்துக்குரியது என்றார். பிறகு வில்லைகளைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

"எல்லாரும் சீட்டைக் காட்டினா இதிலை விளையாட என்ன கிடக்கு?" என்று உதயகுமாரி கேட்டாள்.

"அக்கா, இதிலை விளையாட்டு முக்கியமில்லை," என்றார் ஜெகதீஸ்வரன். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே உண்மை அதுதான்.

மூன்றாம் வகுப்புக்கு நிதி தரும் அலுவலகத்திலிருந்து ஆன்ட்ரியாஸ் என்ற ஆலோசகர் வந்தார். வயது முப்பது இருக்கும். தோளில் துணிப்பை, முகத்தில் பெரிய கரிசனை. வட்டமாக இருக்கச் சொல்லி, மேகம், மழை, சூரியன் என்று படம் போட்ட அட்டைகளைப் பரப்பினார். அன்றைய மனநிலைக்கு ஏற்ற படத்தை எடுக்கவேண்டும். உதயகுமாரிக்கு வேலையால் வந்த களைப்பு. மேகத்தை எடுத்தாள். ஆன்ட்ரியாஸ் அவளையே கனநேரம் பார்த்தார்.

"நீ மேகத்தை எடுத்தாய்," என்றார்.

"ஓம், கிட்டக் கிடந்தது," என்று நொஸ்க்கில், அதாவது நோர்வே மொழியில், சொன்னாள்.

"கிட்டக் கிடந்தது," என்று திருப்பிச் சொல்லி, எழுதிக்கொண்டார். பிறகு தன்னைப் பற்றிக் கதைத்தார். "எங்கள் நாடு நம்பிக்கையில் நிற்கிறது. நாற்பது பேர் என்று மன்றம் எழுதினால் நான் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணினால் வித்தியாசம் வரும். வித்தியாசம் வந்தால் அதைப் பற்றி நான் எழுதவேண்டும். எழுதினால் அடுத்த வருடம் இந்தத் திட்டமும் இல்லை, என் பதவியும் இல்லை. நம்பிக்கை என்பது இருபக்கமும் நன்மை தருகிற ஒன்று." குகதாசன் எழுந்து அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். ஆன்ட்ரியாசின் கண் கலங்கியது.

இதற்குள் மாதம் முடிய வந்துவிட்டது. நிறைவு விழாவோடு மன்றத்தைக் கைகழுவிவிட்டு, மேரினிடமே உண்மையைச் சொல்லிப் பழகுவோம் என்று உதயகுமாரி முடிவெடுத்தாள். நல்ல முடிவு. ஆனால் மன்றம் ஒரு கடைசி நிபந்தனை போட்டது. ஒவ்வொருவரும் ஒரு நோர்வேஜியரையாவது விழாவுக்குக் கூட்டிவர வேண்டும். முன்வரிசைக்கு வெள்ளை முகம் வேண்டும் என்பதை ஒருங்கிணைப்பு என்று சொன்னார்கள்.

உதயகுமாரி உரிமையோடு கூப்பிடக்கூடிய நோர்வேஜியர் மேரின் ஒருத்திதான். ‘தமிழ் விழா, சாப்பாடு இருக்கிறது’ என்று கூப்பிட்டாள். விடுமுறையால் வந்திருந்த மேரின் பூங்கொத்தோடு வந்து முன்வரிசையில் இருந்தாள். பக்கத்துக் கதிரையில் ஆன்ட்ரியாஸ்.

குகதாசன் நொஸ்க்கில் எழுதி வைத்த உரையை வாசித்தார். முதல் அரைமணித்தியாலம் மன்றம் வளர்ந்த வரலாறு. அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இன்று உங்கள் முன்னால் ஒரு தாய் இருக்கிறாள். குழந்தைப் பருவத்திலேயே சூதாட்டத்தில் விழுந்தவள். கணவன் தூர ஊருக்குப் போனான். மகள் வீட்டை விட்டுப் போனாள். இருண்ட மேகத்துக்குள் தனியாக நின்றாள். மன்றம் அவளைக் கைதூக்கி எடுத்தது."

யாரைப் பற்றி என்று உதயகுமாரிக்கு உடனே விளங்கவில்லை. அந்தத் தாய்க்காக மனம் இரங்கினாளாம். தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அந்தத் தாய் தானே என்று விளங்கியது. மேடைக்கு ஏற்றினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள்.

"நான் ஒருநாளும் சூதாடினதில்லை," என்று நொஸ்க்கில் சொன்னாள். "உது முழுப்பொய்."

ஆன்ட்ரியாஸ் எழுந்து நின்றார்.

"நண்பர்களே, இதுதான் மறுக்கும் கட்டம். எல்லாப் பாதிக்கப்பட்டவர்களும் முதலில் இதையே சொல்வார்கள். இதை ஒலிவாங்கியில் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்."

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. நான் கைதட்டவில்லை, எழும்பிப் போய்க் கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் என்னையும் ஒரு கட்டத்துக்குள் போட்டிருப்பார்கள். மேரின் அழுதுகொண்டு மேடைக்கு ஓடிப்போய் உதயகுமாரியைக் கட்டிப்பிடித்தாள். அதைத்தான் ஜெகதீஸ்வரன் பத்துப் பக்கமிருந்து படம் எடுத்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. நடந்ததை மேரினுக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தலாம் என்ற நம்பிக்கையில் உதயகுமாரி கேக் ஒன்று செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சுரங்க ரயிலும் பஸ்ஸும் மாறி நூர்ஸ்ட்ராண்டில் இருந்த மேரின் வீட்டுக்குப் போனாள். வாசலில் ஐந்து சோடிச் சப்பாத்துகள் இருந்தன. தன்னுடையதையும் கழற்றி வரிசையில் வைத்தபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்ததாம்.

மேரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். வரவேற்பறையில் யாரும் இல்லை. மேசையில் மெழுகுவர்த்தி. பக்கத்தில் ஒரு பெட்டி. ஆயிரம் துண்டாக வெட்டிய மலைப் படம், பொருத்திப் பொருத்திச் சேர்க்கவேண்டியது.

"நாம் இருவரும் இதைச் செய்வோம்," என்றாள் மேரின்.

"போக்கர்?"

"அது கீழே, நிலவறையில். கதவைப் பூட்டிவைக்கச் சொல்லியிருக்கிறேன். உனக்குக் கேட்காது."

கேட்டது. வில்லைகள் விழும் சத்தம், சிரிப்பு. உதயகுமாரி எல்லாவற்றையும் சொன்னாள். நேர்முகத் தேர்வு, முன்னூற்றிநாலு, மேகம், ஜக்கெற், ஒன்றும் விடவில்லை. தனக்குப் போக்கர் தெரியும் என்று தலையாட்டியது பொய் என்பதையும் சொன்னாள். மேரின் குறுக்கே கதைக்காமல் கேட்டாள். நல்லவள். முடிந்ததும் கையைத் தடவிக்கொடுத்தாள்.

"இங்கே நீ உன்னை நியாயப்படுத்தத் தேவையில்லை. நீ இப்படித்தான் சொல்வாய், அப்போது நான் கோபப்படாமல் கேட்கவேண்டும் என்று ஆன்ட்ரியாஸ் எனக்குச் சொல்லித்தந்திருக்கிறார்."

"ஒருக்கா இருந்து பார்க்கவாவது விடு. ஒரு கதிரை காலியாக இருக்குது எண்டு நீதானே சொன்னாய்."

"இப்போது காலியில்லை," என்றாள் மேரின்.

அந்த நேரம் நிலவறைக் கதவு திறந்து ஆன்ட்ரியாஸ் மேலே வந்தார். கையில் வெறும் தட்டு. இவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "நீயும் வந்தாயா? என்ன துணிவு," என்றார். இவளுடைய கேக்கில் இரண்டு துண்டு வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டு, நல்லாயிருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, திரும்ப இறங்கிப் போனார். பூட்டு விழும் சத்தம் கேட்டது.

உதயகுமாரி படப் பெட்டியைத் திறந்து நீலத் துண்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள். போன் அடித்தது. குகதாசன்.

"தங்கச்சி, சந்தோஷமான செய்தி. உங்கடை கதையைக் கேட்டிட்டு நிதியை இன்னும் மூண்டு வருசத்துக்கு நீடிச்சிட்டாங்கள். ஆன்ட்ரியாஸ்தான் நிண்டு பிடிச்சவர். ஒரேயொரு விசயம், ஆள் மாறக்கூடாதாம், நீங்கள்தான் வேணுமாம். ஆனபடியா அவசரப்பட்டுக் குணமாகிப் போடாதேங்கோ."

"அண்ணை," என்றாள் உதயகுமாரி. "எனக்கு இண்டைவரைக்கும் போக்கர் எப்பிடி விளையாடுறது எண்டே தெரியாது."

"அதைத்தான் தங்கச்சி, ஆண்டறிக்கையிலை எங்கடை வெற்றி எண்டு போட்டிருக்கிறம்."